கட்டிப்போட்டா குட்டி போடும்

சக்குலன்ட் வளர்ப்பதில் எனக்குப் பிடித்ததே கீழே விழுந்த இலைதான். எச்செவெரியா இலை ஒன்னு விழுந்துச்சுன்னா, அடிப்பக்கம் பிய்யாம இருக்கான்னு பார்த்து எடுத்து, ரெண்டு மூணு நாள் நிழலில் காயவிட்டு, மணல் கலந்த மண்ணுமேல சும்மா போட்டு வைத்தால் போதும். புதைக்கக்கூட வேணாம். சில வாரத்தில் ரோஸ் கலரில் வேர் எட்டிப் பார்க்கும். ஆபிஸில் ஆணி புடுங்குற நேரம் போக மிச்ச நேரத்துக்கு இதைவிட சுகமான வேலை கிடையாது :-)

இந்த வித்தையில் பெரிய கில்லாடி நம்ம ரணகள்ளி. ஸ்கூல் பயாலஜி புத்தகத்தில் பிரையோஃபில்லம் என்று படித்தோமே, அதே செடிதான். இலையை நூலில் கட்டித் தொங்கவிட்டாலே ஓரத்துப் பள்ளங்களில் குட்டிச் செடி முளைக்கும். அதனால்தான் ஊர்ப்பக்கம் இதற்கு 'கட்டிப்போட்டா குட்டி போடும்' என்றே பேர். இதைவிடப் பொருத்தமா ஒரு செடிக்குப் பேர் வைக்க முடியுமா, சொல்லுங்க.

பேர் இவ்வளவு தமிழாக இருப்பதால் செடியும் ஆதிகாலத்து நம்மூர் மூலிகைன்னு அடிச்சுச் சொல்ற ஆட்கள் உண்டு. செடியோட சொந்த ஊர் மடகாஸ்கர். கல்கத்தா தாவரத் தோட்டத்தில் இருந்த ராக்ஸ்பர்க்கின் கணக்குப்படி, 1799-இல் மொலுக்கஸ் தீவுகளிலிருந்து அதை அங்கே வரவழைத்துக் கொடுத்தவர் லேடி க்ளைவ். யார் இந்தம்மா? நாம் பாடத்தில் படித்த ராபர்ட் க்ளைவின் மருமகள் ஹென்ரியட்டா. அவர் கணவர் எட்வர்ட் க்ளைவ் 1798 முதல் 1803 வரை மதராஸ் கவர்னர். ஆக, கவர்னர் வீட்டம்மாவின் செடி ஆசை பதிவேட்டில் ஏறிவிட்டது. 1805-இல் லண்டனில் சாலிஸ்பரி, 'முளைவிடும் இலை' என்று அர்த்தம் வருகிற மாதிரி பிரையோஃபில்லம் என்று பேர் வைத்தார். நம்மூர்ப் பேரில் இருக்கும் குறும்பு அதில் இல்லை.

கல்லடைப்புக்கு இலையைத் தினம் மென்னு தின்னச் சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் குடும்பத்துச் செடிகளில் இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு உண்டு. ஆஸ்திரேலியாவில் இதைத் தின்று மாடுகள் செத்திருக்கின்றன. டாக்டரைக் கேட்காம கை வைக்காதீங்க.

ஆனால் இதே இலையைத் தின்னு பார்த்து ஒருத்தர் பெரிய விஷயத்தையே பிடித்தார். பெஞ்சமின் ஹெய்ன். தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பிறகு கம்பெனியின் தாவரவியலாளராக மதராஸ் மாகாணம் முழுக்க அலைந்தவர். காலையில் கடித்தால் இலை நல்ல புளிப்பு, மத்தியானம் ருசியே இல்லை, சாயங்காலம் லேசான கசப்பு. இதைக் கவனித்து லண்டன் லின்னியன் சொசைட்டிக்கு எழுதினார். 1815-இல் அச்சாச்சு. லேப் இல்லை, மெஷின் இல்லை, வெறும் நாக்கு! இன்று நமக்குக் காரணம் தெரியும். இந்தச் செடி தண்ணீரை மிச்சப்படுத்த ராத்திரியில்தான் இலைத்துளைகளைத் திறக்கும். உள்ளே வரும் கார்பன் டை ஆக்சைடை மாலிக் அமிலமாக மாற்றி வைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் எடுத்துச் செலவழிக்கும். அதுதான் காலைப் புளிப்பு. பாலைவனச் செடிகள் பலவும் பிழைப்பது இப்படித்தான். ஹெய்ன் 1819-இல் மதராஸிலேயே காலமானார். சென்னையில் எத்தனை பேருக்கு அவர் பேர் தெரியும்?

ஜெர்மனியில் இந்தச் செடிக்கு 'கதேயின் செடி' என்று பேர். கவிஞர் கதேவேதான். பூ, காய் எல்லாமே இலையின் மாறுவேஷம் என்று 1790-லேயே புத்தகம் போட்டவருக்கு, இலையிலிருந்தே முழுச் செடி வந்தால் சும்மா இருப்பாரா? கடைசிக் காலத்தில் தானே வளர்த்து, நண்பர்களுக்கு இலையைப் பரிசாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். 1826-இல் மரியானே ஃபான் வில்லமருக்கு இலையோடு கவிதையும் சேர்த்து அனுப்பினார். மனுஷன் ரசிகர்.

எனக்குப் பிடித்த ஆள் ழாக் லேப். அமெரிக்காவில், ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் இருந்தவர். அவரோட கேள்வி ரொம்ப எளிமையானது: செடியில் இருக்கும்வரை சும்மா கிடக்கும் இலை, பிய்த்ததும் ஏன் முளைக்கிறது? 'உயிர்ச்சக்தி', 'காயம் ஆற்றும் உந்துதல்' மாதிரி மழுப்பலான பதில்கள் அவருக்கு ஆகாது. நம்மளை மாதிரி, லாக் எடுத்துப் பார்க்கிற ஜாதி. இலைகளைப் பிய்த்தார், முளைக்க விட்டார், முளைத்ததை எடை போட்டார், வருஷக்கணக்காக. இலையின் எடை எவ்வளவோ, அந்த விகிதத்தில்தான் குட்டிகளின் எடையும் இருந்தது. செடியோடு இருக்கும்போது இலை செய்கிற சரக்கு தண்டுக்குப் போய்விடுகிறது. பிய்த்ததும் போக வழியில்லாமல் ஓரத்துப் பள்ளங்களில் தூங்கும் மொட்டுகளுக்குச் சோறாகிறது என்றார். ஹார்மோன்களின் பங்கு பின்னாடி தெரிந்ததும் கதை இன்னும் சிக்கலாச்சு. ஆனா அந்த எடைக் கணக்கு அழகு. இதையெல்லாம் தொகுத்த அவர் புத்தகம் வந்தது 1924-இல், அவர் இறந்த அதே வருஷம்.

எச்செவெரியாவுக்கு ரணகள்ளி மாதிரி ஓரத்தில் மொட்டு கிடையாது. அதற்கு எல்லாமே அடிப்பக்கத்தில்தான். அதனால்தான் அடி பிய்ந்த இலை வாரக்கணக்கா பச்சையா இருந்துட்டு, ஒன்னும் முளைக்காம வாடிப் போகுது. சோறு என்னவோ இலையிலிருந்துதான். குட்டிக்கு வேர் பிடித்து நாலு இலை வந்தாலும் பழைய இலையை அவசரப்பட்டு கிள்ளிடாதீங்க. அது சுருங்கிக் காகிதம் மாதிரி ஆகி, தானா உதிரட்டும்.