மூச்சும் ஓய்வும்

நுரையீரலுக்குத் தானே விரியும் தசை கிடையாது. உதரவிதானம் தாழ்ந்து, விலா எலும்புகள் உயர்ந்து, மார்புக்கூடு விரிகையில் அதனோடு ஒட்டி நுரையீரலும் விரிகிறது. காற்று உட்புகுந்து கோடிக்கணக்கான நுண்ணறைகளை நிரப்புகிறது. ஒட்டவைப்பது, இரு உறைகளுக்கிடையே நிலவும் குறைந்த அழுத்தம். அவ்விடைவெளியில் காற்றைச் செலுத்தினால் நுரையீரல் சுருங்கிவிடும்.

காசநோய்க்கு மருந்தில்லாத நாட்களில் அதையே சிகிச்சையாகச் செய்தனர். ஓய்ந்தால் புண் ஆறும் என்பது நம்பிக்கை. உடலுக்கும் ஓய்வு வேண்டுமென 1928இல் தாம்பரத்தில் காசநோய் இல்லம் எழுந்தது. ஆனால் நெரிசலான குடியிருப்புகளின் ஏழைகள் எத்தனை பேருக்கு அங்கே இடமிருக்கும்? நம் புதுமைப்பித்தனே 1948இல், 42 வயதில், இந்நோய்க்கு இரையானார்.

விடை ராயப்பேட்டையிலிருந்து சில மைல் தொலைவில், சேத்துப்பட்டில் கிடைத்தது. அங்கே 1956இல் தொடங்கிய ஆய்வு மையம், 193 நோயாளிகளில் ஒரு பாதியினரை வீட்டிலும் மறுபாதியினரைக் காசநோய் இல்லத்திலும் வைத்து, ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தது. வீட்டிலிருந்தோருக்கு நல்லுணவில்லை, ஓய்வில்லை. ஆயினும் ஏறக்குறைய அதே அளவில் தேறினர். குடும்பத்தாருக்குத் தொற்றும் கூடிவிடவில்லை.

1959இல் வெளியான இம்முடிவுக்குப் பின் உலகெங்கும் காசநோய் இல்லங்களின் தேவை குறைந்தது. தாயைப் பிள்ளைகளிடமிருந்து பிரிக்காமலே குணமாக்கலாம் என்பதற்குச் சான்று தந்தவர்கள், இந்நகரின் ஏழை நோயாளிகள். நாம் நன்றி சொல்ல வேண்டியது அவர்களுக்கும்தான்.