தாத்தாவின் முதுகும் ஒரு சூத்திரமும்

தாத்தா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கடைசிக் காலத்தில் குனிந்து செருப்பு மாட்டக்கூட முடியாது. “ஒழுங்கா தூக்கத் தெரியலையா தாத்தா?” என்று சின்ன வயதில் கேட்டேன். சிரித்துவிட்டார்.

பொறியியல் படித்தபோதுதான் என் கேள்வியே தப்பு என்று புரிந்தது. அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் 1991-இல் திருத்திய சுமைதூக்கும் சமன்பாடு 23 கிலோவில் தொடங்குகிறது. எல்லாம் சாதகமாக இருந்தால்தான் அந்த 23. சுமை கணுக்காலிலிருந்து 25 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். 50-க்குத் தள்ளிப்போனால் அளவு பாதியாகிவிடும். தொடங்கும் உயரம், தூக்கும் தூரம், உடம்பு திரும்பும் கோணம், நிமிடத்துக்கு எத்தனை முறை, பிடிமானம் எப்படி என்று மேலும் ஐந்து காரணிகள்.

ஆறிலும் ‘முதுகை நேராக வைத்தானா?’ என்ற கேள்வி இல்லை. மூட்டை எங்கே கிடக்கும், எவ்வளவு வேகமாக இறக்க வேண்டும் என்பதைத் தாத்தாவா முடிவு செய்தார்? மண்டோர் சொன்னார், இவர் தூக்கினார். ஓர் ஆணின் சுமை 55 கிலோவைத் தாண்டினால் குறைக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பரிந்துரைத்ததே 1967-இல்தான்.

1972 ஜூன் 23 அன்று ‘நிஹோன்’ என்ற முதல் கொள்கலன் கப்பல் தஞ்சோங் பகாருக்கு வந்தது. பாரந்தூக்கிகள் சுமையை வாங்கிக்கொண்டன. “வலி கொறையும்னு பாத்தா, வேலையே கொறஞ்சுபோச்சு” என்பார் தாத்தா.

இன்று என் வேலையிடத்துச் சுவரிலும் ‘முழங்காலை மடக்கு’ என்ற சுவரொட்டி இருக்கிறது. அதன் கீழேயே சிமெண்டு மூட்டைகள், தரையில்.