மூடிய சுவர் காத்த கூத்தன்

அங்கோர் வாட் பற்றி எழுதித் தாருங்கள் என்றார்கள் மலர்க் குழுவினர். எழுத உட்கார்ந்தால் மனம் கம்போடியாவில் நிற்காமல் நம் மும்பையின் போரிவலிக்கு ஓடுகிறது.

அங்கோர் வாட் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எடுத்த கோயில். வாசல் மேற்கு நோக்கியது. பின்னாளில் கெமர் மக்கள் தேரவாத பௌத்தத்துக்கு மாறினர். கோயில் மட்டும் கைவிடப்படவில்லை. நடுக் கருவறையின் வாயில்களைக் கல்லால் அடைத்து, அடைத்த கல்லிலேயே நிற்கும் புத்தரைச் செதுக்கினார்கள். 1632இல் ஜப்பானிய யாத்திரிகர் ஒருவர் அங்கு வந்து, தூணில் மையால் எழுதிவிட்டுப் போனார். மேலை வாயிலில் நிற்கும் எட்டுக் கைத் திருமாலோ இன்றும் ‘தா ரீச்’ என்ற பெயரில் ஊதுவத்தி பெறுகிறார். ஆள் அதே ஆள்தான், பெயர் புதிது.

மாட்டுங்கா ரோட்டில் ஸ்லோ லோக்கல் ஏறுகிற நமக்கு இதற்கொரு பங்காளி அருகிலேயே உண்டு. போரிவலியின் மண்டபேசுவரம் குடைவரை சிவன் கோயில். 1534இல் வசாயும், இக்கோயில் இருக்கும் சாஷ்டித் தீவும் போர்ச்சுக்கீசியர் கைக்குப் போயின. அந்த நூற்றாண்டின் நடுவில் அந்தோனியோ தோ போர்த்தோ என்ற பிரான்சிஸ்கன் துறவி குடைவரையை மாதா கோயிலாக்கினார். மேலே பெரிய கட்டடம் எழுந்தது; உள்ளே சிற்பங்களைச் சுவரும் சாந்தும் மறைத்தன.

மறைத்தவர்கள் காக்க நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்த மறைப்புத்தான் உள்ளே இருந்த ஆடும் சிவனை உளிக்கும் சம்மட்டிக்கும் எட்டாமல் வைத்தது என்பது என் எண்ணம். இவர் நம் சோழர் செம்பில் வார்த்த ஆனந்தத் தாண்டவருக்கு மூத்தவர். தூக்கிய திருவடியைத் தேடினால் ஏமாறுவோம். இடை வளைந்து, பல கைகள் வீசிய ஆட்டம் இது. கைகள் பல உடைந்துவிட்டன. ஆட்டம் உடையவில்லை.

அங்கோரில் கல்லடைப்பு ஒரு புதிய வழிபாடாயிற்று. அதைச் செய்தவர்கள் கோயிலின் சொந்த மக்கள். இங்கே அடைத்தவர்கள் கடல் கடந்து வந்தவர்கள். இரண்டையும் ‘மதமாற்றம்’ என்ற ஒரே சொல்லில் போட்டுக் கட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

1739இல் சிமாஜி அப்பாவின் மராட்டியப் படை வசாயைப் பிடித்தது. பிறகு குடைவரைக்குச் சிவன் திரும்பினார். இப்போது தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. லிங்கத்துக்குப் பூவும் நீரும் விழுகின்றன. ஒரு பக்கச் சுவரில் போர்ச்சுக்கீசியர் பொறித்த பெரிய சிலுவை அப்படியே இருக்கிறது. தலைக்கு மேலே கூரை போன கட்டடத்தில் புல் முளைத்திருக்கிறது.