வரப்புக்குக் குறுக்கே விழுந்த எண்

சரித்திரம் எண்டால் அரசர்கள், போர்கள், ஒப்பந்தங்கள் எண்டு நினைக்கும் பழக்கம் கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு இன்னும் போகல்ல. ஆனா கையில் இருக்கும் போனுக்குள்ளும் ஒரு சரித்திரம் ஓடுது. அதுல ஒரு கேள்வி அறுபது வருஷமாகத் திரும்பத் திரும்ப வருது: கஷ்டமான வேலையை இயந்திரம் சுமக்கிறதா, அதுக்கு நிரல் எழுதுற மனுஷன் சுமக்கிறதா?

புத்தளத்து உப்பளங்களைப் பார்த்தவங்களுக்கு விஷயத்தை விளக்குறது லேசு. கணினியின் நினைவகம் எண்ணுன்னு ஓர் எண் போட்ட சின்ன அறைகளின் வரிசை. ஓர் அறை ஒரு பைட். ஆனா செயலி (புரொசஸர்) பெரும்பாலும் நாலு அல்லது எட்டு அறைகளை ஒரே தரத்தில் அள்ளும். நாலு அறையை ஒரு பாத்தி எண்டு வையுங்க. நாலு பைட் நீளமான எண் 0, 4, 8 போன்ற இடத்தில் தொடங்கினால் ஒரு பாத்திக்குள் முழுசா அடங்கும். 2இல் தொடங்கினால் பாதி இந்தப் பக்கம், பாதி வரப்புக்கு அந்தப் பக்கம். ரெண்டு தரம் அள்ளி, வெட்டி, ஒட்ட வேணும். இதைத்தான் அலைன்மென்ட் பிரச்சினை எண்டு சொல்றாங்க.

1964இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 இதில் கறார். எண் வரப்பைத் தாண்டினால் வேலையை நிறுத்திப் பிழை காட்டும். 1970இல் வந்த சிஸ்டம்/370 அந்தப் பிடிவாதத்தைப் பெருமளவு தளர்த்தி, வெட்டி ஒட்டும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. சுமை மனுஷனிடமிருந்து இயந்திரத்துக்கு மாறியது.

பிறகு மைக்ரோபுரொசஸர் காலம். 1978இல் வந்த இன்டெல் 8086, ஒற்றைப்படை முகவரியிலிருந்து ரெண்டு பைட் எண்ணைக் கேட்டால் ரெண்டு தரம் போய் எடுத்து வரும். நேரம் கூடப் போகும், முறைப்பாடு இல்ல. 1979இல் வந்த மோட்டோரோலா 68000 அதே வேலைக்கு ‘முடியாது’ எண்டு நின்றுவிடும். அந்தச் செயலியோட 1985இல் வந்த அமிகா கணினியில் அப்படி நடந்தால் ‘குரு மெடிட்டேஷன்’ எண்டு திரையில் விழும். பக்கத்தில் 00000003 எண்டு இருந்தால் முகவரிப் பிழை. 1984இல் வந்த 68020 மோட்டோரோலாவின் பிடிவாதத்தையும் தளர்த்தியது.

இன்டெலின் தாராளத்துக்கு ஒரு விலை இருந்தது. பிசியில் மட்டும் எழுதிப் பழகியவங்களுக்கு இப்படியொரு பிரச்சினை இருப்பதே கண்ணில் படல்ல. 1992இல் டெக் நிறுவனத்தின் ஆல்ஃபா செயலி மறுபடி கறாராக வந்தது. 1995 மார்ச்சில் லினக்ஸ் 1.2 இன்டெலைத் தாண்டி ஆல்ஃபா, ஸ்பார்க், மிப்ஸ் செயலிகளிலும் ஓடத் தொடங்கியபோது, பிசியில் ஓடும் கோட் எங்கேயும் ஓடும் எண்ட நம்பிக்கை போச்சு.

இதில் அதிகம் மாட்டுப்படுறது டிரைவர் எழுதுறவங்கதான். கருவிக்கும் இயங்குதளத்துக்கும் நடுவில் நிக்கிற நிரல்தான் டிரைவர். ரெண்டு பக்கத்து விதிகளும் அதன் தலையில்தான்.

இணையப் பொதியை எடுங்க. 1980இல் டெக், இன்டெல், சீராக்ஸ் மூன்றும் சேர்ந்து வெளியிட்ட ஈதர்நெட் விதிப்படி, பொதியின் தலைப்பு 14 பைட்: பெறுநர் முகவரி 6, அனுப்புநர் முகவரி 6, வகை 2. அடுத்து வரும் ஐபி தலைப்பு 14ஆம் இடத்தில் தொடங்கும். 14 நாலால் வகுபடாது. அதனால் அதுக்குள் இருக்கும் நாலு பைட் ஐபி முகவரிகள் எல்லாம் வரப்பில் விழும். லினக்ஸ் டிரைவர்கள் கண்ட வழி எளிமையானது: முன்னால் ரெண்டு பைட்டைச் சும்மா காலியாக விடுறது. 14 இப்போ 16 ஆகும், எல்லாம் பாத்திக்குள் அடங்கும்.

ஆனா சில நெட்வேர்க் கார்டுகள், ‘நான் நேரடியா நினைவகத்தில் எழுதணுமெண்டால் தொடக்க இடம் நாலால் வகுபடணும்’ எண்டு அடம்பிடிக்கும். அங்க அந்த ரெண்டு பைட் தந்திரம் பலிக்காது. செயலியும் கறார் எண்டால், பொதியை முழுசா வேறிடத்துக்குப் பிரதி எடுக்கணும், இல்லாட்டி பைட் பைட்டாக வாசிக்கணும். வரும் ஒவ்வொரு பொதிக்கும் இதே கூலி.

பழைய ஏஆர்எம் செயலிகள் இன்னும் ஆபத்து. ஆறாம் பதிப்புக்கு முந்தியவற்றில், தவறான இடத்திலிருந்து கேட்டால் பிழை சொல்லாமலே பைட்டுகளைச் சுழற்றி வேறோர் எண்ணைத் தந்துவிடும். நின்றுபோகும் இயந்திரத்தில் பிழையைத் தேடிப் பிடிக்கலாம். பொய் சொல்லும் இயந்திரத்தில் எங்கே போய்த் தேடுறது?

இந்தக் கேள்வி இப்போ நமக்குப் பக்கத்திலும் வந்திருக்கு. சென்னை ஐஐடியில் வி. காமகோடி குழுவினர் உருவாக்கிய சக்தி செயலி, 2018இல் சிலிக்கனில் லினக்ஸை ஓட்டிக் காட்டியது. அது பின்பற்றுவது ரிஸ்க்-ஃபைவ் எண்ட திறந்த விதித்தொகுப்பை. அந்த விதித்தொகுப்பு பழைய சண்டையில் ஒரு பக்கம் சாயல்ல: வரப்பைத் தாண்டும் எண்ணை வன்பொருளே சமாளிக்கலாம், இல்லாட்டி இடைநிறுத்தி மென்பொருளிடம் கொடுக்கலாம். ரெண்டாவது வழியில் சிப் எளிமையாகும், மலிவாகும். ஆனா அப்படிப் பிடிபடும் ஒவ்வொரு எண்ணுக்கும் நேரம் பல மடங்கு போகும்.

ஆக, இந்த அறுபது வருஷத்தில் அந்தச் சுமையை யாரும் இல்லாமல் ஆக்கல்ல. ஒருத்தர் தோளிலிருந்து இன்னொருத்தர் தோளுக்கு மாற்றியதுதான் நடந்திருக்கு. ‘இது சும்மா வேலை செய்யுது’ எண்டு ஒரு கருவியைப் பற்றிச் சொல்லும்போது, அதுக்காக யார் வேலை செய்றாங்க எண்டும் கேட்டுப் பாருங்க. அந்தக் கேள்வியைக் கேட்கக் கலைப்பீடத்து ஆட்களுக்கும் உரிமை இருக்கு.