சிரைவழிக் குழாய்

மருந்து, உப்புநீர், இரத்தம் ஆகியவற்றை ஏற்றுவதற்காகச் சிரைக்குள் பொருத்தப்படும் மருத்துவக் கருவி. கையில் போடும் கேனுலா, மேற்கையில் நுழைத்து இதயத்தருகே முனை நிற்கும் ‘பிக்’ குழாய், மார்புத் தோலுக்கடியில் புதைக்கும் ‘போர்ட்’ ஆகியவை இதன் முக்கிய வகைகள். கேனுலாவை இந்திய மருத்துவமனைகளில் ஒரு வணிகப் பெயரால் ‘வென்ஃப்ளான்’ என்பர். சிரையை நோயாளிகள் ‘நரம்பு’ என்பர்.

வரலாறு

1832இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா காலரா நோயாளிகளுக்கு உப்புநீரைச் சிரைவழி செலுத்தினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லியோனார்ட் ராஜர்ஸ் அடர் உப்புநீர் ஏற்றிக் காலரா இறப்பைக் குறைத்தார்.

 அக்காலத்தில் எங்கும் எஃகு ஊசிதான். கொதிக்க வைத்து மீண்டும் பயன்படுத்துவார்கள். கை சற்று அசைந்தாலும் அது சிரையைத் துளைத்துவிடும். 1950இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த டேவிட் மாஸா ஊசிக்கு மேல் பிளாஸ்டிக் உறை பொருத்தினார். ஊசியை உருவியதும் மென்குழாய் மட்டும் உள்ளே நிற்கும்.

1971இல் பன்காவ் அகதி முகாமில் சிரைவழி உப்புநீர் தீர்ந்துபோக, திலீப் மகலனாபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். 30 விழுக்காடாக இருந்த காலரா இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. வாயால் குடிக்க முடிந்தவருக்கு ஊசியே வேண்டாம் என்பதற்கு அது சான்று.

தேர்வு

2015இல் வெளியான மிச்சிகன் வழிகாட்டி, நாள் கணக்கைத் தேர்வின் முக்கிய அளவுகோலாக வைத்தது: 5 நாள் வரை கேனுலா, 14 நாள் வரை மேற்கைச் சிரையிலேயே முனை நிற்கும் ‘மிட்லைன்’ குழாய், அதற்கு மேல் பிக், மாதக்கணக்கான கீமோதெரபிக்கு போர்ட். சிரையைப் புண்ணாக்கும் மருந்தென்றால் சில நாளுக்கே ஆனாலும் மையச் சிரை வேண்டும். கேனுலாவின் அளவை நிறமே சொல்லும்: பச்சை 18, இளஞ்சிவப்பு 20, நீலம் 22, மஞ்சள் 24. எண் கூடக் கூடக் குழாய் மெலியும்.

பாதுகாப்பு

கை கழுவுதல், தோலில் தடவிய கிருமிநாசினி காயும்வரை பொறுத்தல், மருந்து செலுத்துமுன் குழாய் முகப்பைத் துடைத்தல் ஆகியவை அடிப்படை. போட்ட இடம் சிவந்தாலோ வீங்கினாலோ வலித்தாலோ குழாயை எடுத்துவிட வேண்டும். தேவை முடிந்த குழாய் ஒரு நாள்கூட இருக்கலாகாது.

சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் சிரையே சொத்து. 1966இல் பிரெசியா, சிமினோ குழுவினர் விவரித்த ஃபிஸ்டுலாவில் மணிக்கட்டுச் சிரையைத் தமனியோடு இணைத்து டயாலிசிஸுக்குத் தயார்படுத்துவர். 2016இல் தொடங்கிய தேசிய டயாலிசிஸ் திட்டம் இச்சிகிச்சையை மாவட்ட மருத்துவமனைகளுக்குக் கொண்டுவந்தது. ஃபிஸ்டுலா உள்ள கையில் ஊசி போடுவதும் இரத்த அழுத்தம் பார்ப்பதும் கூடாது. நோய் முற்றியவருக்கு இயன்றவரை பிக்கும் தவிர்க்கப்படும்.