300 என்று அச்சிட்டார்கள், 450-இல் ஓடியது: ஒரு சில்லு சொல்லும் வரலாறு



எஸ்.பி.எம். முடிந்ததும் பல வீடுகளில் ஒரு பேச்சு வரும். "கேம் விளையாட நானே கம்ப்யூட்டர் கட்டப் போறேன்ப்பா. எந்தப் பிராசசர் வாங்கலாம்? ஓவர்கிளாக் வேற பண்ணணும்." கிள்ளானில் இருக்கும் மாணவர் கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வருவார். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் மோனோரெயில் ஏறி இம்பியில் இறங்கினால் லோ யாட் பிளாசா. அங்கே சொல்லும் விலையைக் கேட்டால் அப்பாவுக்குத் தூக்கம் போய்விடும். இந்த முடிவை எடுக்க வரலாற்றுப் பாடம் உதவுமா? உதவும். எப்படி என்று பாருங்கள்.

முதலில் ஓவர்கிளாக் என்றால் என்ன? ஒரு பிராசசரை, அதன்மேல் அச்சிட்ட வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் ஓட வைப்பது. இதில் உலகப் புகழ் பெற்றது இன்டெல் செலரான் 300ஏ. 1998 ஆகஸ்டு 24-ஆம் நாள் வெளிவந்தது. மொத்த விலை 149 அமெரிக்க டாலர். அதே நாளில் வந்த பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ் பிராசசரின் விலையோ 669 டாலர்.

செலரானின் வேகம் ஒரு சின்னப் பெருக்கல் கணக்கு. மதர்போர்டு தரும் அடிப்படை வேகம் ஏறக்குறைய 66 மெகாஹெர்ட்ஸ். அதை 4.5-ஆல் பெருக்கினால் 300. பெருக்கும் எண்ணை இன்டெல் பூட்டி வைத்திருந்தது. ஆனால் அதே ஆண்டு வந்த புதிய மதர்போர்டுகள் 100 மெகாஹெர்ட்ஸ் தரக்கூடியவை. 100-ஐ 4.5-ஆல் பெருக்கிப் பாருங்கள், 450! ஏராளமான செலரான்கள் அந்த வேகத்தைத் தாங்கின. அதனுள் இருந்த 128 கிலோபைட் இடைநினைவகம் (கேஷ்) பிராசசரின் முழு வேகத்தில் ஓடியதும் ஒரு காரணம். பென்டியம் 2-இல் 512 கிலோபைட் இருந்தாலும் அது பாதி வேகத்தில்தான் ஓடியது.

இப்போது மலேசிய வரலாற்றுக்கு வருவோம். அந்தச் சில்லு வெளிவந்த மறுவாரமே, செப்டம்பர் 1-ஆம் நாள், நம் அரசாங்கம் மூலதனக் கட்டுப்பாட்டை அறிவித்தது. மறுநாள் ரிங்கிட் ஒரு டாலருக்கு 3.80 என்று நிலைநிறுத்தப்பட்டது. ஆசிய நிதி நெருக்கடிக்கு முன்பு, 1997 நடுப்பகுதியில், அது ஏறக்குறைய 2.50-ஆக இருந்தது. கணக்குப் போடுங்கள். 149 டாலர் பழைய மதிப்பில் சுமார் 373 ரிங்கிட், புதிய மதிப்பில் 566 ரிங்கிட். 669 டாலர் என்றால் 2,542 ரிங்கிட்! சம்பளம் ரிங்கிட்டில் வருகிறது, சில்லின் விலை டாலரில் ஏறுகிறது. இந்த நிலையில், மலிவான ஒன்றை வாங்கி விலை உயர்ந்ததைப்போல ஓட வைப்பது பொழுதுபோக்கு மட்டும்தானா? கையில் காசு குறைந்தவர்களுக்கு அது ஒரு வழியாகவும் இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலகெங்கும் இருந்த ஓவர்கிளாக் ஆர்வலர்கள், "உன்னுடையது மலேசியாவா, கோஸ்டாரிகாவா?" என்று கேட்டுக்கொண்டார்கள். சில்லு பொருத்தப்பட்ட நாட்டின் பெயர் அதன்மேல் அச்சிடப்பட்டிருந்தது. அதை வைத்து எது அதிகம் தாங்கும் என்று வாதம் செய்தார்கள்.

மலேசியா பெயர் அங்கே எப்படி வந்தது? இது உங்கள் பாடநூலுக்கு நெருக்கமான விஷயம். 1971-இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. அதே ஆண்டில் சுதந்திர வாணிப மண்டலச் சட்டமும் வந்தது. பினாங்கில் வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்த காலம் அது. முதலமைச்சர் லிம் சொங் இயூ வெளிநாட்டு மின்னணு நிறுவனங்களை அழைத்தார். 1972-இல் இன்டெல் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை அமைத்தது. அமெரிக்காவுக்கு வெளியே அதன் முதல் தொழிற்சாலை அதுதான். ஏ.எம்.டி. நிறுவனமும் அதே காலத்தில் பினாங்குக்கு வந்தது. நம் கிள்ளான் பள்ளத்தாக்கும் சும்மா இருக்கவில்லை. சுங்கை வேயில் மோட்டோரோலா, உலு கிள்ளானில் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என 1970-களிலேயே தொழிற்சாலைகள் எழுந்தன. நுண்ணோக்கியில் கண் பதித்து, முடியைவிட மெல்லிய கம்பிகளை இணைத்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். கம்பத்திலிருந்து வந்த மலாய்ப் பெண்கள் அதிகம். தோட்டத்திலிருந்து வந்த நம் தமிழ்ப் பெண்களும் அவர்களில் இருந்தார்கள்.

அங்கே நடந்த வேலை என்ன? சிலிக்கான் தட்டு வெளிநாட்டில் தயாராகி வரும். இங்கே அதைத் துண்டாக்கி, உறையில் பொருத்தி, சோதனை செய்வார்கள். எந்த வேகத்தைத் தாங்குகிறது என்று பார்த்துத் தரம் பிரிப்பார்கள். ஆனால் நன்றாகத் தேறிய சில்லெல்லாம் உயர்ந்த எண்ணோடு வெளியே போனதில்லை. மலிவு விலைச் சந்தைக்கு எத்தனை தேவை என்று கணக்கிட்டு, நல்ல சில்லுகளுக்கும் 300 என்றே அச்சிட்டார்கள். அந்த இடைவெளியில்தான் ஓவர்கிளாக் பிறந்தது.

வரலாறு படிக்கும் நமக்கு இது பழக்கமான பாடம். ஒரு சான்று கையில் கிடைத்தால் என்ன கேட்போம்? யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள் என்று கேட்போம். சில்லின்மேல் இருக்கும் எண்ணும் ஒரு சான்றுதான். அது சோதனையின் முடிவு, கூடவே வியாபாரத்தின் முடிவு.

இனி இன்றைய தேர்வு. அந்த இடைவெளி இப்போது சுருங்கிவிட்டது. 2011-க்குப் பிறகு இன்டெல் வகைகளில் பெயருக்குப் பின்னால் 'கே' என்ற எழுத்து உள்ளவற்றில்தான் பெரும்பாலும் பெருக்கும் எண் திறந்திருக்கும். அதற்கு ஏற்ற மதர்போர்டும் வேண்டும், இரண்டுமே விலை கூடுதல். 2017-இல் வந்த ஏ.எம்.டி. ரைசன் வகைகளில் பெரும்பாலானவை திறந்தே வருகின்றன, ஆனால் எல்லா மதர்போர்டும் அதை அனுமதிக்காது. கேமுக்குப் பெயர்போன 5800எக்ஸ்3டி போன்ற சில பிராசசர்கள் பூட்டியே வந்தன. அதோடு இன்றைய பிராசசர்கள் வெப்பம் இடம் கொடுக்கும்வரை தாமாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. நமக்கு மிச்சம் கிடைப்பது கொஞ்சம்தான்.

அந்தக் கொஞ்சத்துக்கும் விலை உண்டு. வேகத்தை 10 விழுக்காடும் மின்னழுத்தத்தை 10 விழுக்காடும் கூட்டினால் மின்செலவும் சூடும் ஏறக்குறைய 33 விழுக்காடு கூடும். ஏனென்றால் மின்னழுத்தம் அந்தக் கணக்கில் வர்க்கமாக வருகிறது (1.1 × 1.1 × 1.1 = 1.331). பகலில் 32, 33 பாகை தொடும் நம் ஊரில், ஏர்கோன் இல்லாத அறையில், சாதாரண ஃபேன் இதைச் சமாளிக்கத் திணறும். ஓவர்கிளாக்கால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் பொதுவாகக் கிடைக்காது என்பதையும் மறக்காதீர்கள்.

ஆகவே மாணவர்களே, பணம் அளவாக இருந்தால் நடுத்தர விலைப் பிராசசர் ஒன்றை வாங்கி, அச்சிட்ட வேகத்திலேயே ஓட்டுங்கள். மிச்சத்தைக் கிராபிக்ஸ் கார்டிலும் நல்ல பவர் சப்ளையிலும் போடுங்கள். பெரும்பாலான கேம்களுக்கு அதுதான் கூடுதல் பலன் தரும். ஓவர்கிளாக் கற்றுக்கொள்ள ஆசையா? பழைய செகண்ட் ஹேண்ட் பிராசசரில் பழகுங்கள்.

வகுப்பில் கலந்துரையாட இரண்டு கேள்விகள்:

1. சுதந்திர வாணிப மண்டலங்கள் மலேசியாவுக்கு வேலை வாய்ப்பு தந்தன. சில்லின் இலாபத்தில் பெரும்பங்கு எங்கே சென்றது? காரணம் கூறுக.

2. இங்கே பொருத்தப்பட்ட சில்லை, 1998-இல் நாமே அதிக ரிங்கிட் கொடுத்து வாங்க நேர்ந்தது ஏன்? நாணய மதிப்போடு தொடர்புபடுத்தி விளக்குக.