பெற்றோரின் நோயும் பிள்ளைகளின் மனமும்

நோய்களின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் இருவரைப் பற்றியே எழுதினர். ஒருவர் நோயாளி, மற்றவர் மருத்துவர். அதே வீட்டில் கதவோரம் நின்று யாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த குழந்தையைப் பற்றி எழுதியவர் மிகச் சிலர். மனநோயின் வரலாற்றில் இக்குறை மிகப் பெரிது. இருதுருவ மனநோய் என்னும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அக்குழந்தை மருத்துவ உலகின் கண்ணில் எப்பொழுது பட்டது, எவ்வாறு பட்டது என்பதை நாம் இங்கே காண்போம்.

முதலில் நோயின் இயல்பைக் கூறுதல் வேண்டும். இந்நோய் மனத்தை இரு எல்லைகளுக்கும் மாறி மாறி இழுத்துச் செல்வது. சில வாரங்கள் அளவிறந்த கிளர்ச்சி இருக்கும். உறக்கம் வேண்டாத ஊக்கம், ஓயாத பேச்சு, கைப்பொருளை வாரியிறைத்தல், சிறு தடைக்கும் பெருஞ்சினம் ஆகியவை தோன்றும். பின்னர்ப் பல வாரங்களோ மாதங்களோ ஆழ்ந்த சோர்வு கவியும். இடையே நெடுநாள் நலமாக இருத்தலும் உண்டு. குழந்தையைத் திகைக்கச் செய்வது இம்மாற்றமே. சென்ற மாதம் நள்ளிரவில் எழுப்பிக் கதை சொன்ன தந்தை, இம்மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். காரணம் கூறுவார் இல்லாதபோது குழந்தை தானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்கிறது. 'நாம் செய்த தவறுதான்' என்பதே பல வேளைகளில் அக்காரணம்.

கிளர்ச்சியும் சோர்வும் ஒருவரிடமே மாறி வருவதைக் கப்படோசிய நாட்டு மருத்துவர் அரேட்டியஸ் பண்டைக்காலத்திலேயே குறித்தார். 1850களில் பாரிஸ் நகரத்து மருத்துவர்களான ஃபால்ரே, பையார்ழே இருவரும் இவ்விரண்டையும் ஒரே நோயின் இரு முகங்கள் எனத் தனித்தனியே விளக்கினர். 1899-இல் ஜெர்மானிய அறிஞர் எமில் கிரேப்பலின் இதனை ஒரு தனி நோயாக வகுத்து நிறுத்தினார். இந்நோய் குடும்பங்களில் தொடர்ந்து வருவதையும் அவர் கண்டார்.

இவ்விடத்தேதான் குழந்தை முதன்முதலாக மருத்துவ ஏட்டில் நுழைகிறது. ஆனால் ஆறுதல் வேண்டும் ஓர் உயிராக அது நுழையவில்லை. பரம்பரைக் கணக்கில் ஓர் எண்ணாகவே நுழைந்தது. அந்தக் கணக்குச் சென்றடைந்த இடம் கொடியது. 1933-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஹிட்லரின் அரசு ஒரு சட்டம் இயற்றியது. பரம்பரை நோயுடையார் எனக் கருதப்பட்டோரை வலிந்து மலடாக்கும் சட்டம் அது. அதன் பட்டியலில் இருதுருவ நோயும் இடம்பெற்றது. பரம்பரை ஆராய்ச்சியில் பெயர்பெற்ற மனநோய் மருத்துவர் எர்னஸ்ட் ருடீன் அச்சட்டத்திற்குத் துணைநின்றார். பல்வேறு நோய்களின் பெயரால் ஏறத்தாழ 4,00,000 பேர் அச்சட்டத்தின்படி மலடாக்கப்பட்டனர். நோயுற்றோரின் பிள்ளை பிறவாமல் தடுக்கப்படவேண்டிய ஒன்று என அரசே கூறிய காலம் அது. 'பைத்தியக்காரன் பிள்ளை' என்று இன்றும் தெருவில் எழும் ஏச்சு அந்த எண்ணத்தின் உறவே என்பதை நாம் மறத்தலாகாது.

போருக்குப்பின் காற்று மாறியது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், மனநோய் மருத்துவமனை அதிகாரி ஒருவரின் மகன்; அம்மனைகளின் வளாகங்களிலேயே இளமையைக் கழித்தவர். உலகப்போரில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் போர்க்கைதியாக மூன்றாண்டுகளுக்கு மேல் இருந்தார். நாடு திரும்பியபின் மெல்போர்ன் அருகே ஒரு மருத்துவமனையில், பயன்படாதிருந்த சரக்கறையையே ஆய்வுக்கூடமாகக் கொண்டார். லித்தியம் என்னும் உப்பு, கிளர்ச்சியுற்ற பத்து நோயாளிகளை அமைதிப்படுத்தியதை 1949-இல் வெளியிட்டார். அளவு மிகுந்தால் அவ்வுப்பு நஞ்சாகும். ஆதலின் குருதியில் அதன் அளவைக் கணித்துக் கொடுக்கும் முறை பின்னர் உருவாயிற்று. டென்மார்க்கில் மோகன்ஸ் ஷோ என்பார் 1954 முதல் ஆய்வுகளை வளர்த்து, நோய் மீண்டும் வாராமலும் லித்தியம் காக்கிறது என்பதை நிறுவினார். அவருடைய உடன்பிறந்தார் ஒருவரே ஆண்டுதோறும் சோர்வு நோயால் வாடியவர்.

இதனால் விளைந்த மாற்றம் பெரிது. ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த தாய் தந்தையர் வீட்டிலேயே வாழ வழி பிறந்தது. நோயோடும் மருந்தோடும் வாழும் பெற்றோரை நாள்தோறும் காணும் நிலையும் பிள்ளைகளுக்கு அத்துடன் வந்தது.

நம் நாட்டில் 1912-ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயாளியைப் பெரிதும் காவலில் வைக்க வேண்டியவராகவே கருதியது. அந்நிலையில் 1950களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையின் தலைவர் டாக்டர் வித்யா சாகர் ஒரு புதுமை செய்தார். நோயாளிகளின் உறவினரை வளாகத்திலேயே கூடாரம் அமைத்துத் தங்கவைத்தார். நோயைப் பற்றி அவர்களிடம் எடுத்துரைத்தார். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தார் உடன் தங்கும் முறையைக் கைக்கொண்டது. குடும்பத்தை மருத்துவத்தின் துணையாகக் கொண்டது இந்திய மருத்துவம் உலகிற்கு அளித்த நற்பாடங்களுள் ஒன்று. ஆயினும் குடும்பம் என்றபோது கணவன், மனைவி, மூத்தோர் ஆகியோரே எண்ணப்பட்டனர். குழந்தை அப்பொழுதும் கதவோரமே நின்றது.

குழந்தையை நேருக்கு நேர் நோக்கிய ஆய்வுகளுள் முதன்மையானது லண்டனில் மைக்கேல் ரட்டர் 1966-இல் வெளியிட்ட நூல். நோயுற்ற பெற்றோரின் பிள்ளைகளை அவர் ஆராய்ந்தார். நோயின் பெயர் என்ன என்பதைவிட, வீட்டில் பூசல் எவ்வளவு, பெற்றோரின் நோய்க்குறிகள் பிள்ளையை எவ்வளவு நேரே தாக்குகின்றன என்பவையே பிள்ளையின் நலத்தை மிகுதியும் பாதித்தமை புலப்பட்டது. பரம்பரையை நாம் மாற்ற இயலாது. வீட்டின் சூழலை மாற்ற இயலும். ஆதலின் இம்முடிவு நம்பிக்கை தருவது.

1990களின் இறுதியில் நெதர்லாந்தில் மற்றோர் ஆய்வு தொடங்கியது. இருதுருவ நோயுற்ற பெற்றோரின் பிள்ளைகள் 140 பேரைத் தேர்ந்து, பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். முடிவுவரை தொடர்ந்தோரில் இருதுருவ நோய் வகைகளை அடைந்தோர் நூற்றுக்கு 13 பேர். ஆனால் சோர்வு, அச்சம் முதலாக ஏதேனும் ஒரு மனக்கோளாற்றை வாழ்வில் ஒருமுறையேனும் அடைந்தோர் நூற்றுக்கு 72 பேர். இவ்விரண்டு எண்களையும் சேர்த்தே படித்தல் வேண்டும். பெற்றோரின் நோய் பிள்ளையின் விதி அன்று என்பதை முதல் எண் கூறுகிறது. அதற்காகப் பிள்ளையைக் கவனியாது விட்டுவிடலாகாது என்பதை இரண்டாம் எண் கூறுகிறது.

சட்டங்களும் மெல்லத் தொடர்ந்தன. நோயுற்றாருக்கு இளம்பிள்ளைகள் உண்டா எனக் கேட்டறிந்து அவர்களின் தேவையைக் கவனிப்பதை நார்வே நாடு 2010-இல் மருத்துவப் பணியாளரின் கடமையாக்கியது. பெங்களூர் நிமான்ஸ் நிறுவனம் 2009-இல் தாயும் சேயும் ஒருங்கே தங்கும் பிரிவைத் தொடங்கியது. மருத்துவமனையில் தங்கும் தாயிடமிருந்து மூன்று வயதிற்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரித்தலாகாது என நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் விதித்தது. மூன்று வயதைக் கடந்த பிள்ளையின் பொறுப்பு இன்னும் பெரிதும் குடும்பத்தையும் சுற்றத்தையுமே சார்ந்துள்ளது.

இவ்விடத்தே, தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஊரில் தாய் நோயுற்றால் பாட்டியோ அத்தையோ பிள்ளையை அழைத்துச் சென்று சோறூட்டுவர். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் இரண்டு அறை வீட்டில் வாழும் குடும்பத்திற்கு அவ்வசதி இல்லை. மேலும் ஒரு சுமை உண்டு. இந்தியும் மராத்தியும் வங்காளமும் பெற்றோரைவிடப் பிள்ளைக்கே நன்கு வரும். ஆதலின் மருத்துவரிடம் தாயின் நிலையை மொழிபெயர்த்துச் சொல்லும் பணி பத்து வயதுப் பிள்ளையின் தலையில் விழுகிறது. தாய் சாக விரும்புவதாகக் கூறும் சொற்களைப் பிள்ளையின் வாயாலேயே சொல்லச் செய்வது கொடுமை. மொழியறிந்த அண்டை வீட்டாரோ, தமிழ்ச் சங்கத்து நண்பர் ஒருவரோ உடன் சென்றால் அச்சுமை நீங்கும். 2022-இல் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவியை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலும் பெறலாம்.

பிள்ளைக்கு வேண்டுவன மிகச் சில. 'அப்பாவுக்கு வந்திருப்பது நோய்; அதற்கு மருந்து உண்டு; அது உன்னால் வந்ததன்று; அதைத் தீர்ப்பது உன் வேலையும் அன்று' என வயதிற்கேற்ற சொற்களில் மெய்யை உரைத்தல் முதலாவது. பள்ளி, விளையாட்டு, உணவு ஆகியவற்றின் ஒழுங்கு குலையாமல் காத்தல் இரண்டாவது. அச்சம் தோன்றும் இரவில் யாரிடம் செல்லலாம், எந்த எண்ணை அழைக்கலாம் என்பதைப் பெற்றோர் நலமாயிருக்கும் காலத்திலேயே அவருடன் பேசி முடிவுசெய்து வைத்தல் மூன்றாவது. பிள்ளையிடமே உறக்கக் குறைவோ நீடித்த சோர்வோ தோன்றினால் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுதல் நான்காவது. ஊராருக்கு அஞ்சி நோயை மறைக்கும் வீடுகளில் இந்நான்கும் இயலாமற் போகின்றன. மறைத்ததன் விலையைப் பிள்ளையே செலுத்துகிறது.

நோய்க்குப் பெயரிட மருத்துவ உலகம் பல நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்டது. மருந்து காண மேலும் ஐம்பது ஆண்டுகள் சென்றன. குழந்தையைக் காண இன்னும் சில ஆண்டுகள் வேண்டியிருந்தன. நம் அண்டை வீட்டுப் பிள்ளையைக் காண நமக்கு அத்தனை காலம் வேண்டியதில்லை. 'சாப்பிட்டாயா? இன்று எங்கள் வீட்டில் உட்கார்ந்து படி' என்று அழைக்கும் ஒரு குரல் அதன் வாசலுக்கு வந்தால் போதும்.